தம்பியின் கிட்னிமேல் போட்ட பழி

ஐம்பத்திரண்டு வயதில் நான் லிப்ஸ்டிக் போட ஆரம்பித்தேன். கல்யாணம் கட்டாதவள், மஹய்யாவையில் அம்மா விட்டுப்போன வீட்டில் தனியாக இருப்பவள், முப்பது வருடமாக அரசாங்க ஃபைல் புரட்டுகிறவள். சும்மா விடுவார்களா? "என்ன மிஸ், தரகர் யாரும் வந்தாரா?" என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். "வந்தாரு. ஒனக்கு ரெண்டாவதா ஒன்னு பாக்கச் சொல்லியிருக்கேன்" என்றேன். அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

லிப்ஸ்டிக் அழகுக்குப் போடவில்லை. வெற்றிலைச் சிவப்பை மறைக்கப் போட்டேன்.

அதைச் சொல்ல வேண்டுமானால் கிட்னியிலிருந்து தொடங்க வேண்டும். சிறுநீரகம் என்று எழுதினால் யாருடையதோ போலிருக்கிறது. எங்கள் வீட்டில் அது கிட்னிதான். என்னுடைய இரண்டும் பழுதாகி, இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினுக்கு வாரத்தில் இரண்டு நாள் போய்க்கொண்டிருந்தபோது, கம்பளையில் இருக்கும் என் தம்பி தன்னுடையதில் ஒன்றைத் தந்தான். ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்கியவன். தந்த பிறகு பாரம் தூக்கக்கூடாது என்று முதலாளி அவனை பில் எழுதும் மேசையில் உட்கார வைத்தார். "அக்காவால எனக்கு ப்ரமோஷன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

ஆபரேஷனுக்கு முன்பு டாக்டர்கள் அவனைச் சிகரெட்டை விடச் சொன்னார்கள், என்னை வெற்றிலையை விடச் சொன்னார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மாவின் மகள் நான். பதினாறு வயதிலிருந்தே வெற்றிலை போட்டவள். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து அக்காவும் தம்பியும் ஒப்பந்தம் போட்டோம்.

"நா சிகரெட்ட தொட்டா நீ செருப்பால அடி. நீ வெத்தலய தொட்டா நா அடிக்கிறேன்" என்றான்.

அவன் அன்றைக்குப் பிறகு தொடவேயில்லை. நான் நாலு வருடம் தாங்கினேன்.

ஐந்தாவது வருடம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சாவு வீட்டில் வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளினார்கள். ஒரு வாய்தானே என்று எடுத்தேன். அடுத்த வாரம் பஸ் நிலையத்துப் பக்கம் நானே போய் வாங்கினேன். பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் வைத்துச் சுருட்டித் தருவார்கள். அதை ஒரு பழைய இனிப்பு டப்பாவில் போட்டுக் கைப்பையின் அடியில் வைத்திருப்பேன். ஆபீஸ் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லுவேன். நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற பொம்பளை, கழிவறைக்குள் நின்று வெற்றிலை மெல்லுகிறாள். அப்போதே வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கம் வந்தால் விட்டுவிடுவார்கள் என்று யார் சொன்னது?

பிறகு கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்தது. மாதா மாதம் கிட்னி கிளினிக்குக்குப் போகிறவள்தான். "வேற வருத்தம் ஏதும் இருக்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். இல்லை என்பேன். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. உறைப்பை விட்டேன், தேன் தடவினேன், ஐந்து மாதம் ஓட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த தம்பி, நான் ஒரு பக்கமாகவே மெல்லுவதைப் பார்த்துவிட்டு மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். சதையில் ஒரு துணுக்கு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு சொன்ன அன்று தம்பியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டர் முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண். புற்றுநோய் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, "வெத்தல சாப்புடுவீங்களா?" என்று கேட்டார்.

"எப்பயாவது."

"எப்பயாவது சாப்புடுறவங்கட வாய் இப்பிடி இருக்காது."

அவரே தொடர்ந்து சொன்னார்: "கிட்னிக்குக் குடிக்கிற மருந்தால ஒடம்புல எதிர்ப்புச் சக்தி கொறையும். கிட்னி மாத்தினவங்களுக்குக் கென்சர் வார சான்ஸ் கூட. அதுக்கு மேல நீங்க வெத்தலயும் பொயிலயும் போட்டிருக்கீங்க." திட்டவில்லை. எழுதிக்கொண்டே சொன்னார்.

வெளியே வந்தேன். தம்பி எழுந்து நின்றான். "கென்சர்தானாம். கிட்னிக்குக் குடிக்கிற மருந்தாலயாம்" என்றேன். அது பொய் இல்லை. டாக்டர் சொன்னதில் பாதி. அந்தப் பாதியோடு வாயை மூடிக்கொண்டேன்.



"அந்த மருந்து எதுக்குக்கா குடுக்கிறாங்க?"

"ஒன் கிட்னிய என் ஒடம்பு தள்ளிடாம இருக்கத்தான்."

"அப்ப அது ஒனக்குச் சரியாப் பொருந்தல. பொருந்தியிருந்தா இவ்வளவு மருந்து தேவப்பட்டிருக்காது."

"அப்பிடியெல்லாம் இல்லடா."

"இல்லக்கா, பதினஞ்சு வருஷம் சிகரெட் குடிச்ச ஒடம்பு இது. அதுல இருந்துதானே ஒனக்குக் குடுத்தேன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். "டீ குடிப்பமா?" என்றேன். குடித்தோம். அவனைக் கம்பளை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

இரண்டு வாரத்தில் அவன் மனைவி போன் பண்ணினாள். அவன் சோறு சரியாகச் சாப்பிடுவதில்லையாம், கடையில் பில்லெல்லாம் பிழையாக எழுதுகிறானாம். "என் கிட்னிதான் அக்காவ கொல்லப் போகுதுன்னு பாக்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள். நான் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "ஆம்பளைக்கு இவ்வளவுகூடத் தைரியம் இல்லையா?" என்று அவள்மேல் எரிந்து விழுந்துவிட்டுப் போனை வைத்தேன். என்மேல் வரவேண்டிய கோபம் அது. எனக்குத் தெரியும்.

கன்னத்தில் ஆபரேஷன் செய்ய என்னை வாட்டில் சேர்க்கும் நாள் வந்தது. தம்பி கையில் ஒரு பெரிய உறையோடு வந்தான். எனக்குத் தெரியாமல் போய்த் தனக்கு இரத்தச் சோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்திருக்கிறான்.

"இத டாக்டர்கிட்ட காட்டணும். எங்கிட்ட மிச்சமுள்ள கிட்னிலயும் கென்சர் இருக்கான்னு பாக்கச் சொல்றேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒனக்குக் குடுத்தத எடுத்துடச் சொல்லுவோம்க்கா. அத எடுத்துட்டா அந்த மருந்தும் வேணாம். நீ பழையபடி மெஷினுக்குப் போ. ஒவ்வொரு தடவையும் நா வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றான்.

என் பதிலுக்குக் காத்திருக்காமல் டாக்டரின் அறையைப் பார்த்து நடந்தான்.

"டேய், இங்க வா" என்றேன்.

திரும்பி வந்தான். கைப்பையைத் திறந்து அந்த டப்பாவை எடுத்து அவன் கையில் வைத்தேன். இனிப்பு என்று நினைத்துத் திறந்தான். அன்றைக்கும் அதில் ஒரு சுருள் இருந்தது. வாயில் கத்தி வைக்கப்போகிற அன்றைக்கும்.

"எப்ப இருந்து?"

"மூணு வருஷமா."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியும். மருந்து மட்டும் இல்ல, வெத்தலயாலயும்தான்னு அன்னைக்கே சொன்னாங்க. நாந்தான் ஒங்கிட்ட மறைச்சேன்."

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கழற்றிக் கொடுக்கச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். அவன் டப்பாவை மூடினான். மூடிவிட்டு, பள்ளிக்கூடத்தில் மார்க் கேட்கிற பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப என் கிட்னி நல்ல கிட்னிதானாக்கா?"

"நல்லதுடா. இன்னைக்கு வரைக்கும் ஒரு கொறையும் இல்ல."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதே கையோடு போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான். "ஏய், நம்ம கிட்னில ஒன்னும் இல்லையாம். அக்கா வெத்தல போட்டதுதானாம்" என்று வராந்தா முழுக்கக் கேட்கச் சொன்னான். கோபமே இல்லை அந்தக் குரலில். அவ்வளவு சந்தோஷம். வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் என் வாயைத் திரும்பிப் பார்த்தார்கள். லிப்ஸ்டிக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். தம்பி அடுத்த நம்பரைத் தேடிக்கொண்டிருந்தான். யார் யாரிடமெல்லாம் தன் கிட்னியைக் குறை சொல்லியிருந்தானோ, அவர்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டுமே. நான் தடுக்கவில்லை.