வெள்ளைக்காரி கப்பல் ஏறிய கசற்

"அக்கா, நீங்கள் தந்த படத்தில ஒருத்தரும் பாடேல்லை, கலரும் இல்லை, கடைசியில அவளும் செத்துப்போறாள். இதைப் பார்க்கவோ நான் ரெண்டு ட்ராம் மாறி வந்தனான்?"

ரஞ்சி கசற்றை மேசையில் வைத்த வைப்பில் என் தேத்தண்ணி தளும்பியது. காதல் படம் கேட்டாய், தந்தேன். காதலித்தவர்கள் எல்லாரும் பாடிக்கொண்டா திரிந்தார்கள் என்று கேட்டேன். வீட்டிலிருந்து வீடியோ கசற் இரவல் கொடுக்கிற தொழிலில் நன்றியைத் தவிர எல்லாம் திரும்பி வரும். என்னைப் போல் கொடுத்துக் கெட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு, ஜேர்மனியில் எசன் நகரில் மூன்றாம் மாடி. லண்டனிலிருந்து வரும் தமிழ்ப் படங்கள் பிரதிக்குப் பிரதி எடுத்து வெளிறிப்போனவை. கதாநாயகனையும் வில்லனையும் சட்டையை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். அவற்றுக்கு மேல்தட்டில் என் சொந்தச் சேகரம்: ஓர் அமெரிக்க டைரக்டரும் ஒரு நடிகையும் சேர்ந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். அவர்கள் எடுத்தது மொத்தம் ஐந்து. நான் படித்த கொன்வென்ற்றில் சிஸ்டர்மார் அதில் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். முத்தம் வரும்போதெல்லாம் லென்ஸுக்கு முன்னால் ஒரு சிஸ்டரின் கை வரும். கை இல்லாமல் பார்த்தே தீருவது என்ற பிடிவாதம் எனக்கு அன்றைக்கே பிடித்தது. ஜேர்மன் தொலைக்காட்சி போடப் போடப் பதிந்து நான்கு சேர்த்துவிட்டேன். ஐந்தாவதோடு அந்த இரண்டு பேரும் சண்டை பிடித்துப் பிரிந்தார்களாம். அதைத்தான் காத்திருந்தேன்.

என்ன முறை?

கீழ்மாடி மணியக்கா நான்கையும் ஒரே கிழமையில் பார்த்து முடித்துவிட்டு, "இந்த டைரக்டர் அவளுக்கு என்ன முறை?" என்று கேட்டார்.

ஒரு முறையும் இல்லை என்றேன். வேறு யார் எடுத்தாலும் அவள் வெறும் நடிகை. இவர் எடுத்தால் அவள் கதவைத் திறந்துகொண்டு வருவதே ஒரு கதை. முகத்தில் வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்று இவருக்குத்தான் தெரியும் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். மணியக்கா பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு முறையும் இல்லாதவன் இவ்வளவு வெளிச்சம் பிடிப்பானோ, பிள்ளை?"

சீமாட்டியின் ஜேர்மன்

இங்கே தொலைக்காட்சியில் அமெரிக்கர்கள் எல்லாரும் ஜேர்மன் பேசுவார்கள். ஊரில் தபால் அதிபராக இருந்த நடராசண்ணை வகுப்புக்குப் போக மறுத்து, என் கசற்றைப் போட்டுப் போட்டே மொழி படித்தார். படித்ததெல்லாம் கதாநாயகியின் வசனம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவருக்கு டெர்மின், நாள் குறித்து வரச்சொல்லியிருந்தார்கள். கடதாசி எங்கே என்று கேட்ட அலுவலக அம்மாவிடம் நாடியை நிமிர்த்தி, "என் முன்னிலையில் குரலை உயர்த்த வேண்டாம், பிரபுவே" என்றிருக்கிறார்.

என்ன நடந்தது அண்ணை என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"கதிரை தந்து இருத்தினவ, பிள்ளை. விசா மட்டும் பழையபடி மூண்டு மாசந்தான்."

ஹீற்றருக்கு மேலே

கசற்றை நிமிர்த்தி வைக்கவேண்டும். பார்த்து முடித்ததும் திரும்பத் தொடக்கத்துக்குச் சுற்றவேண்டும். சூட்டுக்குக் கிட்ட வைக்கக்கூடாது. முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறொன்றும் பதிய ஏலாது. என் நான்கிலும் உடைத்திருந்தேன். இவ்வளவும் சொல்லிக் கொடுத்த கசற்றை ரஞ்சியின் புருசன் பாலன், அடுப்பில் இருந்து இறக்கிய தோசை மாதிரிச் சுடச்சுடக் கொண்டுவந்தான். ஹீற்றருக்கு மேலே வைத்தாயா என்று கத்தினேன்.

"குளிருது, பாவமெண்டு வைச்சனான், அக்கா."

ஐந்தாவது

கடைசியில் அதுவும் வந்தது, ஒரு ஞாயிறு பின்னேரம். அதே நேரம் பக்கத்து நகரான கெல்சென்கிர்ச்சனில் ரஞ்சியின் மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. ஆராத்தி எடுக்கக் கேட்டிருந்தது என்னை. போகாமல் இருக்க ஏலாது. வீடியோ டெக்கில் தானாகப் பதிய நேரத்தைக் குறித்துவைத்துப் போனேன். கை தட்டைச் சுற்ற, மனம் வீட்டில் சுற்றியது. வந்து பார்த்தால் முழுக்கப் பதிந்திருந்தது. தலைப்பை மட்டும் பார்த்து, தகட்டை உடைத்து, என் கணவர் வேலைக்குப் போகிற புதன்கிழமை ஆறுதலாகப் பார்ப்போம் என்று எடுத்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் கடைக்குப் போன நேரம் பாலன் தன் டெக்கையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான், சாமத்தியவீட்டு வீடியோவைப் பிரதி எடுக்க. வெறுங் கசற் இல்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாத என் கணவர், உடைத்த இடத்தில், மறுபடி பதியும்படி, ஒட்டுநாடாவை ஒட்டிக் கொடுத்துவிட்டார். நான் திரும்பி வர, என் ஐந்தாவது படத்தின் மேல் சாமத்தியப் பிள்ளையின் தலையில் பால் வைத்துக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியது கடைசிப் பதினைந்து நிமிடம். பாலன் அந்தக் கசற்றையே கொண்டுபோய் இன்னும் எட்டுப் பிரதி எடுத்து, கனடா வரைக்கும் அனுப்பிய பிறகு ரஞ்சி டெலிபோன் எடுத்தாள்.

"அக்கா, பிள்ளையை மணவறையில இருத்தி எல்லாம் முடிய, ஒரு வெள்ளைக்காரி அழுதுகொண்டு கப்பல் ஏறுறாள். அவளை ஆர் கூப்பிட்டது?"

பழைய படங்களைப் பேணிப் பாதுகாப்பது என்பது, இந்த வீட்டில், என் கணவரின் கையில் ஒட்டுநாடா அகப்படாமல் பார்த்துக்கொள்வதுதான். தமிழ்க் கடைக் கதவில், மிளகாய்த்தூள் விளம்பரத்துக்குக் கீழே நான் ஒட்டிய தாள் ஐந்து மாதமாக அப்படியே தொங்குகிறது: "அந்த ஞாயிறு பின்னேரம் படத்தை முதலில் இருந்து பார்த்தவர்கள் ஆராவது இருந்தால், கசற் தராட்டிலும் பரவாயில்லை, அவள் ஏன் கப்பல் ஏறினவள் எண்டு மட்டும் வந்து சொல்லுங்கோ."