தேட வருவேன் என்று சொன்னேன்

சென்ற மார்ச் மாதம், ஹோலி முடிந்து வந்த சனிக்கிழமை. தில்லி மோதி பாகில், அரசுக் குடியிருப்பின் முதல் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். எங்களுக்கு ஒரே மகள், ஏழு வயது. நான் வீட்டில் இருந்தால் போதும், விளையாட வா என்று கையைப் பிடித்து இழுப்பாள். அதற்கு நான் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். "நீ போய் ஒளிஞ்சுக்கோ, அப்பா தேட வரேன்" என்பேன். அவள் ஓடிப் போய் எங்கேயாவது ஒளிந்துகொள்வாள். நான் என் வேலையைப் பார்ப்பேன். கால் மணி நேரம் கழித்து அவளே அலுத்துப்போய் வெளியே வந்து, நான் ஜெயிச்சுட்டேன் என்று குதிப்பாள். ஆமாம், நீ கெட்டிக்காரி என்று சொல்லிவிடுவேன். இந்த வித்தையை அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். இன்றைக்கே வீட்டில் செய்து பார்க்கிறேன் என்றார் ஒருவர்.

அன்று காலை என் மனைவி குளிர்காலப் பஞ்சுப் போர்வைகளான ரஜாய்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தில்லியில் பெரும்பாலான வீடுகளில் பெட்டிக் கட்டில்தான். மெத்தையைச் சுருட்டி, பலகையைத் தூக்கினால் ஆள் படுக்கிற அளவுக்கு உள்ளே இடம் இருக்கும். குளிர் போனதும் ரஜாயும் கம்பளியும் அதற்குள் போய்விடும். பாதி வேலையில் பாச்சை உருண்டை தீர்ந்துவிட்டது. எப்படியும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போக வேண்டும், வந்து மூடிக்கொள்ளலாம் என்று பெட்டியைத் திறந்தபடி விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு கேள்விக்கான பதிலை அன்றே அனுப்ப வேண்டும். பதினோரு மணிக்கு வீடியோ மீட்டிங். அதற்குச் சற்று முன்னால் மகள் வந்து நின்றாள். வழக்கம்போலச் சொன்னேன்.

"பக்கா வருவியா?" என்று கேட்டாள்.

"பக்கா" என்றேன், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொஞ்ச நேரத்தில் படுக்கையறைக்குப் போனேன். அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும். கட்டில் பலகை மூடியிருந்தது, மெத்தை மட்டும் சுருட்டிக் கிடந்தது. மனைவி மூடிவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்து மெத்தையை விரித்தேன். அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

நாற்பது நிமிடம் மீட்டிங் நடந்தது. நடுவில் எங்கோ தட்டுகிற மாதிரி சத்தம் லேசாகக் கேட்டது. கீழ் வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று எரிச்சல் வந்தது. ஹெட்போன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டேன்.

மீட்டிங் முடிந்தபோது வீடு அமைதியாக இருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. பூங்காவுக்கு ஓடியிருப்பாள் என்று இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஊஞ்சலில் வேறு குழந்தைகள். கேட்டில் இருந்த காவலாளி, பாப்பா இந்தப் பக்கம் வரவே இல்லையே சாப் என்றார். மனைவிக்குப் போன் செய்தேன். கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அவள் கேட்டாள். ஒளிந்துகொள்ளச் சொன்னேன் என்றேன்.

"நீங்க தேடுனீங்களா?"

எனக்காகக் காத்திராமல், மகள் ஒளிகிற இடங்களை அவளே அடுக்கினாள். பால்கனிக் கூலருக்குப் பின்னால், வாஷிங் மெஷின் இடுக்கு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், கீழ் வீட்டு ஆன்ட்டியின் சமையலறை. இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. என் மகள் எங்கெல்லாம் ஒளிவாள் என்று தெரியாமல் ஏழு வருடம் அப்பாவாக இருந்திருக்கிறேன்.

மேலே ஓடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கும் இல்லை. மிச்சம் இருந்தது கீழ் வீடுதான். படியிறங்கிப் போனால் கதவில் பூட்டு தொங்கியது. காவலாளி பின்னாலேயே வந்து, ஹோலிக்கு ஊருக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை என்றார்.

பூட்டைப் பார்த்தபடி நின்றேன். அப்படியானால் தட்டியது யார்?

எப்படி மாடி ஏறினேன் என்று நினைவில்லை. மெத்தையை இழுத்துத் தரையில் தள்ளினேன். பலகையில் இருக்கும் ஓட்டையில் விரலை விட்டுத் தூக்கினேன். சிவப்பு ரஜாய்மேல் சுருண்டு கிடந்தாள். தலைமுடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. கண் மூடியிருந்தது. கூப்பிட்டேன், உலுக்கினேன், அசைவில்லை. தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்தார். எவ்வளவு நேரமோ தெரியாது. ஒரு நிமிடம்கூட இருக்காது என்று காவலாளி பிறகு சொன்னார். அவள் இருமினாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"உன் குரல் மேலேயே கேட்டுச்சுப்பா. நீ பக்கத்துலதான் தேடுறேன்னு நெனச்சு சத்தமே போடல" என்றாள். "அப்புறம் பயமாயிடுச்சு. தட்டினேன்."

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மனைவி நேரே அங்கே வந்துவிட்டாள். பயப்பட ஒன்றுமில்லை, பழைய கட்டில் என்பதால் இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று போயிருக்கிறது என்றார் டாக்டர். நல்ல இறுக்கமான புதுக் கட்டிலாக இருந்திருந்தால் என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நடந்ததை மனைவியிடம் மறைக்கவில்லை. மீட்டிங், ஹெட்போன், சத்தத்தைக் கூட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. அன்று முழுக்க மகளை மடியிலிருந்து இறக்கவும் இல்லை. மறுநாளே அந்தக் கட்டிலைக் கழற்றிப் போட்டுவிட்டோம்.

இப்போது அலுவலகத்திலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் அவளோடுதான். கீழே சாக்பீஸால் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுகிறோம். இங்கே அதற்கு ஸ்டாபு என்று பெயர். நாற்பத்தாறு வயதில் நொண்டியடிக்கும் என்னைப் பார்த்து, கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்துவிட்டுப் போகிறார்கள். செய்யட்டும். ஒளிந்து விளையாடலாமா என்று அவள் ஒருமுறை கேட்டபோது மட்டும் தயங்கினேன். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. கூலருக்குப் பின்னால் அவள் பாவாடை நுனி தெரியும் வரை அவளைக் கூப்பிட்டுக்கொண்டே தேடினேன்.

அந்த இருட்டில், மூச்சு முட்டும் வரை, அப்பா தன்னைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையை நினைக்கும்போது வருகிற பயம், அவள் பிழைத்துவிட்டாள் என்ற நிம்மதியைவிட இன்றும் எனக்குப் பெரிதாகவே இருக்கிறது.