அக்கா கேட்ட அனுமதி

என் அக்காவுக்குத் தொழில், கிழிந்த துணியில் கிழிசல் இருந்த இடமே தெரியாமல் இழை கோப்பது. மாப்பிள்ளைக் கோட்டில் சிகரெட் சுட்ட ஓட்டையைக்கூட அடைத்துவிடுவாள். கறுப்பு நூலையும் கருநீல நூலையும் பகல் வெளிச்சத்தில்தான் பிரித்தறிய முடியும், விளக்கு ஏமாற்றிவிடும் என்பாள். அதற்காகவே, பக்கத்து பேக்கரிக்காரரின் காலி மனையைப் பார்த்த ஒரே ஜன்னலடியில் மேசையைப் போட்டு உட்கார்ந்தவள், இருபது வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் எழுந்திருக்கவில்லை. அத்தான் போன பிறகு அந்த மேசைதான் சோறு போட்டது.

பேக்கரிக்காரரின் மகன் அந்த மனையில் குடோன் கட்டக் கிளம்பினான். சுவர் எழும்பினால் ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும். "அவங்க இடம், அவங்க கட்டுறாங்க" என்று அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவளை வக்கீலம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"இதுக்கு வசதியுரிமைன்னு பேரு" என்றார் வக்கீலம்மா. அப்படியொரு சொல்லை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

"மனை அவங்களோடதுதான். ஆனா அது வழியா வர்ற வெளிச்சத்தை நீங்க ரொம்ப வருஷமா, எல்லாருக்கும் தெரிய, தடையில்லாம அனுபவிச்சிருந்தா, அதை அவங்க மறைக்க முடியாது. ஒண்ணே ஒண்ணு. அவங்க அனுமதி கொடுத்து அனுபவிச்சிருக்கக் கூடாது. அனுமதின்னா அது தயவு. தயவை எப்ப வேணா திருப்பி எடுத்துக்கலாம்."

தன் வீட்டு ஜன்னலைத் திறக்க எவளாவது பக்கத்து வீட்டில் போய்க் கேட்பாளா? என் அக்கா கேட்டிருந்தாள். மேசை போட்ட அன்றைக்கே.

"அதை மட்டும் கோர்ட்டுல சொல்லித் தொலைக்காதே" என்றேன்.

"கேட்டா சொல்லுவேன்டி."

கேட்டார்கள், சொன்னாள், அனுமதி கேட்டதை மட்டும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வாயெல்லாம் பல். கூண்டிலேயே போய் அவளைக் கிள்ளலாம் போலிருந்தது எனக்கு. அடுத்து, மகன் தரப்புச் சாட்சியாகப் பேக்கரிக்காரரே ஏறினார். முழங்கால் வலிக்காரர், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தம்மா உங்ககிட்ட அனுமதி கேட்டாங்களா?" என்றார் மகனின் வக்கீல்.

"கேட்டாங்க."

"நீங்களும் கொடுத்தீங்க, இல்லையா?"

பெரியவர் மகனை ஒரு தரம் பார்த்தார்.

"இல்லைங்க. 'இதுக்கெல்லாம் என்னை எதுக்கும்மா கேக்குறே? வெளிச்சம் என்ன எங்க அப்பன் வீட்டுச் சொத்தா?'ன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கொடுக்காத அனுமதியை யார் திருப்பி எடுப்பது? ஜன்னலை மறைக்காமல் சுவரைத் தள்ளிக் கட்டச் சொல்லித் தீர்ப்பானது.

தீர்ப்பன்று மகன் அப்பாவுக்கு முகம் கொடுக்காமல் விறுவிறுவென்று போய்விட்டான். அக்காதான் பெரியவரைக் கைப்பிடித்துப் படியிறக்கினாள். "என்னால உங்க வீட்டுக்குள்ள சண்டை வந்துடுச்சே" என்று கண் கலங்கினாள்.

"ரெண்டு நாள் பேசமாட்டான், அப்புறம் பசிக்கும், வருவான்" என்றார் அவர். "அவனுக்கு இடம் இருக்கு, தள்ளிக் கட்டிக்குவான். நீ எங்கம்மா தள்ளி உக்காருவே?"