அடக்கம் கேட்ட கொழுந்தன்

கத்தரி என்ற பேரை நான் முதலில் கேட்டது என் ஓரகத்தி வாயால்தான். "என் தங்கச்சிக்கு நாக்கு இருக்க வேண்டிய இடத்துல கத்தரி இருக்குக்கா, அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டோம்" என்றாள். நேரில் பார்த்தால் வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத முகம்.

அவளும் புருஷனும் தையல் கடை வைத்திருந்தார்கள். அளவெடுப்பதும் வெட்டுவதும் அவள்; மெஷினில் உட்காருவது அவன். அவன் மாரடைப்பில் போனதும் அவன் தம்பி கடைமேல் கண் வைத்தான். கடை வேணும் என்று நேராகக் கேட்டிருந்தால் மனுஷன் என்றாவது சொல்லியிருப்பேன். அந்தப் பாவி ஒழுக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

துக்கத்துக்குப் போன நாங்களெல்லாம் கூடத்தில் இருக்கும்போதே ஆரம்பித்தான்.

"அண்ணி, அண்ணன் இருந்தவரைக்கும் சரி. இனிமே ஆம்பளைங்க இடுப்புல நீங்க டேப்பைச் சுத்தறது நல்லாவா இருக்கு? பொம்பளைன்னா ஒரு அடக்கம் வேணாமா? கடையை நான் பார்த்துக்கறேன்."

"உன் கல்யாணப் பேன்ட்டுக்கு அளவெடுத்தது யாரு தம்பி? மூச்சை உள்ளே இழுத்துக்கிட்டு நின்னியே, அது வெக்கமா, தொப்பையா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். மாமியார் சீறினாள்: "அடக்கமா இருடி!"

"அடக்கம்தான் உங்க பிள்ளைக்கு நேத்துப் பண்ணியாச்சே அத்தை. எனக்கு இன்னும் மூச்சு இருக்கு."

அண்ணனைப் புதைத்த ஈரம் காயும்முன் கடை கேட்டவன் அவன், குரலை உயர்த்தியவன் அவன். அவனைப் பார்த்து அடக்கமா இருடா என்று ஒருத்தர் வாயைத் திறந்தார்களா? அந்தச் சொல்லை ஆம்பளைக்குச் சொல்லி நான் கேட்டதே இல்லை, அவனைக் குழியில் இறக்கும்போது தவிர.

மறுநாள் கடையில் கொழுந்தன் போட்ட பூட்டுத் தொங்கியது. அவள் அழவுமில்லை, கெஞ்சவுமில்லை. கழுத்தில் டேப்போடு வாசலில் நின்றாள். தைத்த துணி கேட்டு வந்தவர்களிடம், "துணி உள்ளே இருக்கு, சாவி அங்கே இருக்கு" என்று கொழுந்தன் வீட்டைக் கை காட்டினாள். புதுத் துணியோடு வந்த ஆம்பளைகளை நடுத்தெருவில் நிற்க வைத்து, ஊர் பார்க்க இடுப்பளவு எடுத்தாள்.

லாரி டிரைவர் ஒருத்தர் கொழுந்தன் வாசலில் நின்று கத்தினார்: "என் பேன்ட்டைக் கொடுடா! நாளைக்கு என் மக கல்யாணம், ஜட்டியோடவா போய் நிக்கறது?"

சாயங்காலம் தலையைக் குனிந்துகொண்டு வந்து அவனே திறந்துவிட்டான். சாவியையும் பிடுங்கிக்கொண்டுதான் அவனை விட்டாள்.

மாமியார் இன்னும் அவளோடு பேசுவதில்லை. கத்தரி இப்போதும் அதே கடையில்தான் இருக்கிறாள். மெஷினுக்கு ஆள் வைத்திருக்கிறாள். அளவு மட்டும் அவளே எடுக்கிறாள்.