ஓபரா படத்தின் அடி ஓரம்

அந்தப் படத்தில் ஒரு பெண் வாய் திறந்து பாடிக்கொண்டிருப்பாள். முழுக்கக் கறுப்பு மை. உதட்டில் மட்டும் சிவப்பு. அவள் வாயிலிருந்து கிளம்பும் மெல்லிய கோடுகள் மேலே போய் ஒரு பாழடைந்த அரண்மனையாக மாறும். பர் துபாயில் நான் கவுண்டரில் நின்ற ஃபிரேம் கடைக்கு அதைக் கொண்டுவந்தவர் ஒரு ஹங்கேரிக்கார அம்மாள். அவர் ஊர் ஓவியர் ஒருவர் ஓபரா பார்த்துவிட்டு வந்து செய்த அச்சுப் படமாம். ஓபரா என்றால் மேடையில் கதை முழுவதையும் பாடியே நடிப்பது என்றும் சொன்னார். எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். எனக்கு அப்போது வாய் அதிகம், விவரம் குறைவு.

உள்ளே ஃபிரேம் போடுபவர் புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன். "நம்ம கூத்துல பாடுறவுக மாதிரியே தொண்ட நரம்பு தெரியுது" என்று படத்தை ரசித்தார். கடையில் இருந்த ஃபிரேமைவிடப் படம் இரண்டு விரல் நீளம். அளவெடுத்துச் செய்ய வேண்டுமென்றால் ஷார்ஜா பட்டறைக்கு அனுப்ப வேண்டும். நானோ அன்று மாலையே தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அடியில் வெறும் வெள்ளைதானே, வெட்டிவிடுங்கள் என்றேன்.

"தம்பி, பென்சில்ல என்னமோ எழுதிருக்கு. அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்குவமா?"

"அதெல்லாம் கிறுக்கல்ண்ணே. யல்லா, சட்டுனு வெட்டுங்க."

வெட்டினார்.

மாலையில் வந்த அம்மாள் கத்தவில்லை. கையெழுத்து எங்கே என்று மட்டும் கேட்டார். அந்த ஓவியர் தாமே அச்செடுத்து, ஒவ்வொரு பிரதியின் அடியிலும் பென்சிலால் எண்ணும் பெயரும் எழுதுவாராம். இனி எழுதித் தர அவர் உயிரோடும் இல்லை. குப்பைக் கூடையைக் கொட்டி அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தோம். அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

முதலாளி எங்கள் இருவரையும் நிறுத்தி, யார் வெட்டியது என்று கேட்டார். "அண்ணன்தான் வெட்டுனாரு" என்றேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. கத்தி அவர் கையில்தானே இருந்தது! என் மனைவிக்கு விசா எடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. வேலை போய்விடுமோ என்று பயம். தம்பிதான் வெட்டச் சொன்னாரு என்று அண்ணன் சொல்லுவார் என எதிர்பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடி, "ஆமா முதலாளி" என்றார்.

"கலாஸ். இனி ஒனக்கு இங்க வேல இல்ல."

அந்த மாதமே விசா ரத்தாகி அண்ணன் ஊருக்குப் போனார். வழியனுப்பக்கூட நான் போகவில்லை. கடையில் ஆளில்லை என்று சாக்குச் சொன்னேன்.

போன வாரம் ஷார்ஜாவில் ஒரு கண்காட்சிக்கு மகளை அழைத்துப் போயிருந்தேன். அதே பாடும் பெண், இன்னொரு பிரதி. அடியில் அகலமாக வெள்ளை விட்டு, பென்சில் எழுத்து தெளிவாக இருந்தது. மகளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். இத்தனை வருஷம் கழித்தாவது தப்பு என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும். அந்தப் படத்தை இன்று பார்த்தேன் என்றுதான் ஆரம்பித்தேன்.

"அந்தம்மா மொகத்த நெனச்சா இன்னும் மனசு கேக்கல தம்பி" என்றார். "நீங்க அவசரத்துல இருந்தீங்க. நாந்தான் இன்னொரு தடவ கேட்டுருக்கணும்."

"விடுங்கண்ணே, போனது போச்சு" என்றேன், அவரை மன்னிக்கிறவன் போல.