வேலை செய்ததால் நீக்கப்பட்டவை

செவெரோ தலைக்கவசத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்க்காமல் வைத்தார். அதற்குள் சாவிக்கொத்தைப் போட்டார். கன்னத்தில் அடக்கியிருந்த கோக்கா இலையை மறுபக்கம் தள்ளினார்.

"எடுத்துக்கங்க தோன்யா நியேவெஸ். பம்ப் வீட்டுச் சாவி, வேலிக் கதவுச் சாவி. இந்தச் சின்னது எதுக்குன்னு எனக்கே தெரியாது."

நியேவெஸ் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "எதுக்கு இதெல்லாம்?"

"என்னைப் பாஹா பண்ணிட்டு எதுக்குன்னு கேக்குறீங்க."

கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். நான் காசாளர் ஜன்னலை விட்டு எழுந்துவந்து பார்த்தேன். 'தங்கள் பொறுப்பிலிருந்தது பாஹா செய்யப்பட்டது. நாளை காலை வண்டி வந்து எடுத்துச்செல்லும்.'

எங்கள் ஸ்பானிஷில் பாஹா என்றால் கணக்கிலிருந்து நீக்குவது. நாற்காலியை நீக்கினாலும் பாஹா, ஆளை நீக்கினாலும் பாஹா. சேர்த்துக்கொள்வது அல்தா.

"இது உங்களை இல்ல தோன் செவெரோ. உங்க பம்ப்பை" என்றார் நியேவெஸ்.

"பம்ப்பையா? இப்பத்தான் அது சத்தத்தைக் கேட்டுட்டு வரேன். கன்டெலாரியா மேடு முழுக்க அது ஏத்துற தண்ணியைத்தானே குடிக்குது?"

"அதான் எனக்கும் புரியல."

"வண்டியில ஏத்துவாங்கன்னு போட்டிருந்ததா, என்னையத்தான்னு நெனச்சு நல்ல சட்டை போட்டுட்டு வந்தேன்."

தோன்யா என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடும் நியேவெஸ் வில்கா வெகுகாலம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். ஒருரோ சாலையின் இரு பக்கமும் அவரைக் கடிக்காத நாய் கிடையாது. கணவர் சிலி நாட்டுக்குச் சுரங்க வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமானார். யாராவது விசாரித்தால் நியேவெஸ், "அவனைப் பாஹா பண்ணியாச்சு" என்பார். என் மகளுக்கு அவர் ஞானத்தாய். அதனால் எனக்கு அவர் கொமாத்ரே, அவருக்கு நான் கொம்பாத்ரே. முழங்கால் போனபின் எங்கள் தண்ணீர்க் கூட்டுறவு அவரை உள்ளே உட்காரவைத்து, சொத்துகளுக்கு எண் ஒட்டும் வேலையைக் கொடுத்தது.

பிறகு அந்த மென்பொருள் வந்தது. பொறியாளர் உர்கீதி அதைக் காட்டிக்கொடுத்தார். "புரோகிராம் கோடு எழுத வேணாம் தோன்யா. பெட்டியை இழுத்து வைங்க, அம்புக்குறி போடுங்க. அவ்வளவுதான்." நியேவெஸ் சாப்பாட்டு நேரத்திலும் பெட்டிகளை இழுத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் பொறுப்பாளர் நிரப்பும் 'நிலைமை' என்ற கட்டத்தில் பாஹா என்று இருந்தால் அவருக்குச் செய்தி. அங்கிருந்து ஓர் அம்பு, வண்டிக்கு உத்தரவு. அங்கிருந்து இன்னோர் அம்பு, பூட்டு; அதன்பின் அந்தப் பதிவை யாரும் மாற்ற முடியாது. பூட்டைக் கேட்டவர் பொறியாளர். நீக்கப்பட்ட லாரி ஒன்று பட்டியலில் திரும்ப உயிர் பெற்று ஒரு வருடம் டீசல் குடித்திருந்தது.

ஓரிடத்தில் மென்பொருள் அவரைக் கேட்டது. அந்தச் சொல் மட்டும் இருக்க வேண்டுமா, எழுதியதற்குள் எங்காவது அது இருந்தால் போதுமா? நியேவெஸ் இரண்டாவதைத் தொட்டார். ஒருவர் 'பாஹா' என்று எழுதுவார், இன்னொருவர் 'போன வருஷமே பாஹா' என்பார். ஊரார் கதவில் ஒட்டிவைத்த சீட்டுகளை எல்லாம் படித்துப் பழகியவர். எழுதியது சரியில்லை என்று திருப்பியனுப்ப அவருக்கு வராது.

இப்போது அம்புகள்மேல் விரலை வைத்துக்கொண்டே போனார். எல்லாம் பச்சையாக இருந்தன. பட்டியலைத் திறந்தார். நீக்கப்பட்டவற்றில் பம்ப், வெல்டிங் இயந்திரங்கள், உறுதியான ஏணி. நீக்கப்படாதவற்றில் எரிந்துபோன ஜெனரேட்டர், சக்கரமில்லாத வேன்.

"நல்லா இருக்குறதெல்லாம் போயிருக்கு. ஒடஞ்சதெல்லாம் இருக்கு. கொம்பாத்ரே, உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

பிறகு நியேவெஸ் பொறியாளரைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் அவர் குரல் லா பாஸிலிருந்து வந்தது.

"பூட்டினதைத் திறக்கணும்னா கோடு எழுதணும் தோன்யா."

"கோடு வேணாம்னீங்களே."

"வேணாம்தான். திறக்க மட்டும்தான் வேணும். வியாழக்கிழமை வந்து பாக்கறேன்."

வண்டிக்காரரைக் கூப்பிட்டார். உத்தரவு ரத்து என்று கணினியிலிருந்து வந்தால்தான் நம்புவேன் என்றார் அவர். பம்ப்புக்கான உத்தரவு மட்டுமே நாளைக்கு. மற்றவை அடுத்த வாரம்.

நியேவெஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தோன் செவெரோ, நிலைமை என்னன்னு கேட்ட எடத்துல நீங்க என்ன எழுதுனீங்க?"

"வேறென்ன எழுதுவேன்? த்ரபாஹா."

வேலை செய்கிறது. எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம்.

"த்ரபாஹா" என்றார் நியேவெஸ். பிறகு மெதுவாக, "த்ர. பாஹா."

அந்தச் சொல்லின் வாலிலேயே பாஹா இருந்தது.

"வேலை செய்யுறதை எல்லாம் நான் வேலையை விட்டு அனுப்பியிருக்கேன்."

"இப்பத்தான் நீங்க பெரிய அதிகாரி ஆயிட்டீங்க" என்றார் செவெரோ.

விதியைத் திருத்த ஒரே ஒரு தொடல் போதுமாக இருந்தது. ஆனால் பூட்டியவை பூட்டியபடியே கிடந்தன. அவரே மாட்டிய பூட்டு. பட்டியலை மேலும் கீழும் உருட்டினார். வேறெதையோ தேடுவதுபோல ஒரு பக்கத்தைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அல்தா பண்றதுக்குப் பூட்டு போடலியே நான்."

பம்ப்பைப் புதிதாகச் சேர்த்தார். வாங்கிய தேதியாக இன்றைய தேதியைத்தான் மென்பொருள் ஏற்றுக்கொண்டது.

"எங்க மூத்தவனைவிட மூத்தது அது" என்றார் செவெரோ.

நியேவெஸ் நிலைமை என்ற கட்டத்தில் வந்து நின்றார். த்ரபாஹா என்று எழுதக் கை போகவில்லை. இனி ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னேன். அவர் 'காமினா' என்று எழுதினார். நடக்கிறது.

"எங்க நடக்குது? கால் மொளச்சா நான்தான் ஓடிப் பிடிக்கணும்."

புதிய எண் அச்சாகி வந்தது. "பழசைச் சுரண்டி எடுத்துட்டு இதை ஒட்டுங்க. தடம் தெரியக் கூடாது. இது சரியான்னு எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல" என்று செவெரோ தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். சின்னச் சாவியை மட்டும் வளையத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். "இதைப் பாஹா பண்ணிடுங்க."

மறுநாள் காலை வண்டி பம்ப் வீட்டுக்குப் போனது. ஓட்டுநர் உத்தரவில் இருந்த எண்ணைத் தேடிப் பம்ப்பைச் சுற்றிவந்தார். அந்த எண் இல்லை. 'காணவில்லை' என்று குறித்துக்கொண்டு திரும்பினார். கன்டெலாரியா மேட்டில் தண்ணீர் வந்தது. நியேவெஸ் வெல்டிங் இயந்திரங்களையும் ஏணியையும் சேர்த்தார். நடுவில், கறியும் சாறும் அடைத்த ஒரு சால்த்தென்யாவைச் சாறு சிந்தாமல் சாப்பிட்டார். மதியம் மென்பொருளிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. புதிய பம்ப்புக்கு உத்தரவாத அட்டையை இணைக்கச் சொன்னது ஒன்று. காணாமற்போன பம்ப் பற்றி விளக்கம் கேட்டது மற்றது. என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். ஜன்னலில் ஆள் நின்றது. நான் போய் உட்கார்ந்தேன்.