மாதன் படித்துக் காட்டிய உத்தரவு

ஊரில் சாலம்மாளுக்குக் கேஸ்காரி என்று பெயர். கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளைகிற அந்தச் சின்ன ஊரிலிருந்து கோர்ட்டுக்குப் போன முதல் பெண் அவள்தான். அதுவும் கர்நாடகா கோர்ட். புருஷன் மாதனோடு சிக்மகளூர்ப் பக்கம் காபித் தோட்ட வேலைக்குப் போனவள், இடது கையில் மாவுக்கட்டோடு தனியாகத் திரும்பி வந்தாள். மாதன் அவளை அடிக்கக் கூடாது, அவள் இருக்கும் இடத்துக்கு வரக் கூடாது என்று அந்த ஊர் நீதிபதி போட்ட உத்தரவும் கூட வந்தது. முழுக்கக் கன்னடம். அவள் அதை பாலிதீன் பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள்.

மாதன் லேசுப்பட்ட ஆள் இல்லை. அதை அவனே எல்லோரிடமும் சொல்வான். தோட்டத்தில் மேஸ்திரி. மலையிலிருந்து போனவர்களில் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பஸ் போர்டைக்கூடப் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி படிப்பான்.

அவன் வரப்போகிறான் என்று தகவல் வந்ததும் சாலம்மாள் உத்தரவோடு காவல் நிலையத்துக்குப் போனாள். ஏட்டு கந்தசாமி தாளை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். நல்ல மனிதர், அவசரம் மட்டும் கிடையாது.

"இந்தியா முழுக்க செல்லும்னு வக்கீலம்மா சொன்னாங்க சார்."

"செல்லும்மா, யாரு இல்லன்னா? இன்னா எழுதிக்கீதுன்னு தெரியாம, எதை மீறிட்டான்னு நான் கேஸ் எழுதறது? தமிழ்ல மாத்திக்கினு வா."

மலைமேல் கன்னடம் படிக்க யார் இருக்கிறார்கள்? சாலம்மாளுக்குப் பேச்சு வரும், எழுத்து வராது. வீட்டுக்கு வந்து கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாள். பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் மாதன் வந்தேவிட்டான். சின்னசேலம் ரயிலடியிலிருந்து அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தவன் சாலம்மாளின் சொந்தத் தம்பி முருகவேல். வரும் வழியில் கறிக்கு ஒரு சேவலும் வாங்கியிருந்தான்.

"ஏன்டா, அவரு இங்க வரக்கூடாதுன்னு ஆர்டர் கீதுன்னு உனக்குத் தெரியாதா?"

"அவரு வரக்கூடாதுன்னுதான்க்கா போட்டுக்கீது. நான் போய்க் கூட்டியாரக்கூடாதுன்னு யாரும் சொல்லலியே. வூட்டு மாப்ள ரயில எறங்கி நடந்து வந்தா ஊரு இன்னா பேசும்?"

ஊர் எதற்குத்தான் பேசாது? அவள் கை உடைந்தபோது மட்டும் அதற்கு வாய் இல்லை.

"துணிய எடுத்து வை. நாளைக்கு ரயிலு," என்றான் மாதன். சத்தம் போடவில்லை. அவன் பார்வை அவளுடைய இடது கையில் இருந்தது.

சாலம்மாள் பானைக்குள்ளிருந்து பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள். அவள் காவல் நிலையம் போய்ச் சேர்ந்தபோது, முருகவேலின் பைக்கில் முன்னாலேயே வந்துவிட்ட மாதன் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"குடும்பச் சண்டை சார். புருசன் பொஞ்சாதி ஒத்துமையா இருங்கன்னுதான் அதுல போட்டுக்கீது," என்றான்.

ஏட்டு தலையாட்டினார். சாலம்மாள் பையிலிருந்து தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவனோடு குடும்பம் நடத்தியவள் அவள்தானே, எதைச் சொன்னால் அவனுக்குப் பொறுக்காது என்று தெரியும்.

"அவரு வாய்க்கு வந்ததை சொல்றாரு சார். பஸ் போர்டு மட்டுந்தான் படிப்பாரு. கோர்ட்டுக் கன்னடமெல்லாம் அவரால முடியாது."

"அப்படியாப்பா?" என்று ஏட்டு சிரித்தார்.

மாதன் டம்ளரைக் கீழே வைத்தான். தாளைப் பிடுங்கினான். விரல் வைத்து, ஒவ்வொரு வரியையும் கன்னடத்தில் படித்துத் தமிழில் சொன்னான். அடிக்கக் கூடாது. அவள் இருக்கும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. போனில் மிரட்டக் கூடாது. கடினமான ஒரு சொல்லை ஏட்டுக்கு இரண்டு தரம் விளக்கினான். ஏட்டு எழுதிக்கொண்டே வந்தார். அந்தக் குரல் கேட்டாலே நடுங்குகிறவள், அது நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றாள்.

படித்து முடித்து மாதன் அவளைப் பார்த்தான். "எப்டி?"

"பிரமாதம்பா," என்றார் ஏட்டு. "அப்போ இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியாம? கோர்ட்டு வாசல்ல இத மத்தவங்களுக்குப் படிச்சி சொன்னதே நான்தான்."

"சரி, எந்திரி. செல்போனை மேஜை மேல வச்சிட்டு லாக்கப்புக்கு நட."

முருகவேல் கொஞ்ச நேரம் வாசலில் நின்றான். பிறகு அக்காளைப் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்கு வந்தான். சேவலை அவனே அறுத்துக் குழம்பு வைத்தான். மாப்பிள்ளைக்குப் போக வேண்டிய தொடைக்கறியை என்ன செய்வது என்று கேட்டான்.

சாலம்மாள் தட்டை நீட்டினாள். கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து, எலும்பைக்கூட விடாமல் தின்றாள்.